மறுமொழி: பிரிட்ஜ், ஏசி கையேட்டுக்கு நிக்கிற மூணு சொல்லு

எல்லாருக்கும் வணக்கம். பிரிட்ஜ் ஏசி பயிற்சிக் கையேட்டுச் சொற்பட்டியல்ல மூணு சொல்லு இன்னும் முடிவாகாம நிக்குது. ஒண்ணு, தீப்பற்றக்கூடிய ரெஃப்ரிஜரண்ட், அதாவது மெஷினுக்குள்ள சுத்திக் குளிர வைக்கிற கேஸ். ரெண்டு, அதை மெஷினுக்குள்ள இருந்து வெளிய எடுக்குற ரெக்கவரி. மூணு, மெஷினை இனிமே ஓட்டப்போறதில்லன்னு முடிவு பண்ணி ஒதுக்குற டீகமிஷனிங். இதுவரைக்கும் வந்த பரிந்துரை: எரிவளிக் குளிர்பதனி, மீட்பு, செயல்நீக்கம். ஆட்சேபம் உள்ளவங்க இந்த வாரத்துக்குள்ள எழுதிருங்க, அடுத்து அச்சுக்குப் போகணும்.

- தொகுப்புக் குழு

----

ஐயா வணக்கம்.

மதுரையில இருந்து எழுதுறேன், சர்வீஸ் வேலையும் பாக்குறேன், பசங்களுக்குச் சொல்லியும் குடுக்குறேன். எனக்கு மூணு சொல்லுலயும் ஆட்சேபம் இருக்கு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

> எரிவளிக் குளிர்பதனி

இதை வேணவே வேணாம்னு கெஞ்சிக் கேக்குறேன். எரிவளின்னாலும் எரிவாயுன்னாலும் நம்ம ஊர்ல ஒரே அர்த்தந்தான், அடுப்பு சிலிண்டர். இந்தச் சொல்லைப் படிச்சிட்டு வர்ற பையன் பிரிட்ஜுக்கு ஏத்துற ஆர் 600ஏ சிலிண்டர் கிடைக்கலைன்னா வீட்டு சிலிண்டர்ல இருந்து ஏத்திரலாம்னு நினைப்பான், அப்படி ஏத்துற ஆளுக இப்பவே இருக்காக. ஆர் 600ஏ சுத்தமான ஐசோபியூட்டேன், ஆர் 290 சுத்தமான புரோப்பேன். அடுப்பு கேஸ் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, கலப்பு அளவும் ஒரே மாதிரி இருக்காது, ஈரம் இருக்கும், வாசத்துக்குச் சேர்த்த கந்தகப் பொருளும் இருக்கும், கம்ப்ரசருக்கு எதுவுமே ஆகாது.

அந்த வாசம்தான் முக்கியமான சங்கதி. அடுப்பு கேஸ் லீக் ஆனா நாறும், ஏன்னா எத்தில் மெர்காப்டன் கலந்து விடுறாக. பிரிட்ஜ் கேஸ்ல அது கிடையாது. ரூம் பூரா பரவி நின்னாலும் மூக்குக்குத் தெரியாது. "எரிவளி"ன்னு பேரு வச்சா வாசம் வந்தா பாத்துக்கலாம்ங்கிற பழக்கமும் அதோடயே வந்துரும். அதனால தீப்பற்றும் குளிர்பதனின்னு வச்சிருவோம், பட்டறையில தீப்பத்துற கேஸ்னு சொல்லிக்கட்டும். குளிரூட்டின்னு போன தடவை ஒருத்தர் சொன்னாரு, அது ஏசி மெஷினையே குறிக்குது, விட்டுருவோம்.

இதுலயே தரம் பிரிக்கவும் சொல்லு வேணும். அமெரிக்க ஆஷ்ரே அமைப்போட வகைப்படி ஆர் 290, ஆர் 600ஏ ரெண்டும் ஏ3, அதாவது கடுமையாத் தீப்பத்துறது. இன்னைக்கு ஸ்பிளிட் ஏசியில நிறைய வர்ற ஆர் 32 ஏ2எல். ஏ2எல்லுக்கு மென்தீ வகைன்னு பழைய மடல்ல பாத்தேன், அழகாத்தான் இருக்கு, ஆனா மென்னு சொன்னதும் பயம் விட்டுப்போகும். ஆர் 32 தீப்பத்தாதுன்னு நம்புற மெக்கானிக் ஏராளம். தீச்சுவாலை ஓடுற வேகம் செகண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல இல்லைங்கிறதுதான் அந்த எல்லுக்கு அர்த்தம். தீ மெதுவாப் போகுதே ஒழிய சாதுவான தீ கிடையாது, எரிஞ்சா ஹைட்ரஜன் புளோரைடு வருது, அது நுரையீரலையே அரிச்சிரும். அதனால மெதுதீ வகை, கடுந்தீ வகைன்னு வைங்க. மெதுன்னா வேகம் மட்டுந்தான் மனசுல நிக்கும்.

> மீட்பு

மீட்புன்னா கிணத்துல விழுந்த மாட்டைத் தூக்குறது, அடகு நகையைத் திருப்புறது. நாங்க தினம் பேசுற பேச்சுல கேஸ் ஏத்துறதுன்னுதான் சொல்லு, "கேஸ் ஏத்திட்டேன், 2,500 ஆச்சு"ன்னு வீட்டுக்காரங்களும் சொல்லுவாங்க. ஏத்துறதுக்கு எதிர்ப்பதம் இறக்குறது. யாரும் படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியதே இல்ல. ஏற்றல், இறக்கல். சிலிண்டருக்குள்ள இறக்குனா கலத்திறக்கல், ஹோஸ் வச்சு ஆளில்லாத திறந்தவெளியில பைய விட்டா வெளியிறக்கல். ஐசோபியூட்டேன் வீட்டு பிரிட்ஜுல 50 கிராம் பக்கம் இருக்கும், அதுக்கு வெளியிறக்கல் பல இடத்துல நடைமுறையில இருக்கு. ஆர் 32க்கு அது கூடவே கூடாது, அதோட புவிவெப்பத் திறன் 675, அதாவது பூமியைச் சூடாக்குறதுல கார்பன் டையாக்சைடை விட 675 மடங்கு, கலத்துலதான் இறக்கணும், அந்த இறக்குற மெஷினும் தீப்பற்றும் கேஸுக்குன்னு செஞ்சதா இருக்கணும். கலத்தை 80 சதவீதத்துக்கு மேல நிரப்பவும் கூடாது. இந்த வித்தியாசமெல்லாம் மீட்புங்கிற ஒத்தைச் சொல்லுல அடங்காது.

> செயல்நீக்கம்

இதுக்காகத்தான் இம்புட்டு நீளமா எழுதுறேன். செயல்நீக்கம்னா என்ன புரியும்? பிளக்கைப் பிடுங்கியாச்சு, மெஷின் ஓடலை. அம்புட்டுத்தான். அந்தப் பிரிட்ஜ் அப்புறம் எங்க போகுதுன்னு பாருங்க. தள்ளுவண்டியில ஏறி பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்க பின்பக்கம் கண்டென்சர் குழாயை ஆக்ஸா பிளேடு வச்சு அறுப்பாக, கம்ப்ரசரைக் கழட்டி செம்புக்காகப் பிளப்பாக, சில நேரம் கேஸ் கட்டரே வைப்பாக. போன மாசம் ஒரு கடையில நின்னு பாத்தேன், பழசாப் போன பிரிட்ஜ், கம்ப்ரசர் மேல மஞ்ச முக்கோணத்துக்குள்ள தீச்சுடர் போட்ட ஸ்டிக்கர் அழுக்கு ஏறிப் பாதி தெரியுது, அறுத்த குழாய் வாயில ஆயில் நுரைச்சுக்கிட்டு நிக்குது, அறுத்த தம்பி ரெண்டடி தள்ளி உக்காந்து பீடி பத்தவைக்கப் போறாரு. நுரை ஏன் வருதுன்னு அவருக்கு யாரும் சொல்லலை. ஐசோபியூட்டேன் கம்ப்ரசருக்குள்ள இருக்குற மினரல் ஆயில்ல நல்லாக் கரையும், குழாயைத் திறந்த பிறகும் ஆயில்ல இருந்து கோலி சோடா மாதிரி பொங்கிக்கிட்டே இருக்கும். தீப்பெட்டியை வாங்கி வச்சிட்டு அவரை அங்கிட்டு கூட்டிட்டுப் போயித்தான் விஷயத்தைச் சொன்னேன்.

இன்னொரு ஏமாத்துற விஷயம் இருக்கு. ஐசோபியூட்டேன் கொதிநிலை மைனஸ் 11.7 டிகிரி. பிரீசர் காயில் மைனஸ் 25 பக்கம் ஓடும்போது அந்தப் பக்கம் அழுத்தம் வெளிக்காத்தை விடக் கம்மி. அதனால ஓடி நின்ன உடனே அந்தப் பக்கம் குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு சத்தமே வராது, காத்துதான் உள்ள போகும். காலின்னு நினைச்சு குழாய் பத்தவைக்கிற கேஸ் டார்ச்சைக் கொளுத்துவாக, உள்ள கேஸும் இருக்கு இப்ப காத்தும் சேந்துருச்சு. ஆர் 22, ஆர் 134ஏன்னு தீப்பத்தாத பழைய கேஸ்ல பழகுன கைக்கு இது புதுசு. சத்தம் வரலைன்னா காலின்னு அர்த்தம் இல்லன்னு நான் ஒவ்வொரு பேட்சுக்கும் தொண்டை கிழியச் சொல்றேன்.

கணக்கும் பயங்கரமானது. ஒரு கன மீட்டர் காத்துல 43 கிராம் ஐசோபியூட்டேன் கலந்தாலே பத்திக்கிரும். மூடிக்கிடக்குற 200 லிட்டர் பிரிட்ஜுக்குள்ள அந்த நிலைமை வர பத்து கிராம் கூட வேணாம். காத்தை விட ரெண்டு மடங்கு கனம், அதனால தரையில, குழியில, கவுண்டர் அடியில தங்கும். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கடைகள்ல ஐஸ்கிரீம் பிரீசரும் பால் காய்ச்சுற அடுப்பும் எம்புட்டு நெருக்கத்துல இருக்குன்னு பாத்தவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அங்க சர்வீஸுக்குப் போனா முதல் வேலை அடுப்பை அணைக்கச் சொல்றது, ரெண்டாவது மெஷினை வெளிய இழுக்குறது, அப்புறந்தான் டூல்பையத் திறக்குறது. லீக் கண்டுபிடிக்கிற டிடெக்டரை மேல பிடிச்சுப் பாத்து பிரயோசனம் இல்ல, தரையோரமா வைக்கணும்.

அதனால இந்தச் சொல்லுல வேலையோட வரிசை இருக்கணும்னு கேக்குறேன். மெஷின் நின்னது பெரிசில்ல. கேஸ் இறங்குச்சா, நைட்ரஜன் விட்டுக் கழுவுனாங்களா, பம்பு வச்சு உறிஞ்சி வாக்கம் போட்டாங்களா, ஆயில்ல மிச்சம் கரைஞ்சு நிக்கலையே, இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் அறுக்கலாம். கழுவுறதுக்கு ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜன்தான், பக்கத்துல இருக்கேன்னு வெல்டிங் ஆக்சிஜனைத் திறக்குறது கொலைக்குச் சமம். வாக்கம் பம்போட வெளிவாய் திறந்தவெளியைப் பாத்து இருக்கணும், அதோட சுவிட்சும் தள்ளி இருக்கணும். முதல் வெட்டு டியூப் கட்டர்லதான், டார்ச் கிடையாது.

நம்ம மொழியில வரிசை சொல்ல வினையெச்சம் இருக்கு. உண்டு உறங்கினான்னா உண்டதுக்கு அப்புறந்தான் உறக்கம். அதே மாதிரி இறக்கிக் கழித்தல். சர்க்கார் ஆபீஸ்ல பழைய ஜீப்பை கழிவு செஞ்சாச்சுன்னு சொல்றாங்களே அந்தக் கழிவு. இறக்காமக் கழிச்சேன்னு ஒருத்தன் சொன்னா அந்தச் சொல்லே அவன் செஞ்ச தப்பைக் காட்டிக் குடுத்துரும்.

- புதூர்

----

புதூர் அன்பருக்கு, மடல் நன்று. வாதத்தை முழுதும் ஏற்கிறேன். ஆனால் இறக்கிக் கழித்தல் என்பது சொற்றொடர், கலைச்சொல் அன்று. அகரவரிசையில் எங்கே வைப்பது? இறக்கம் என்றால் பதிவிறக்கம் நினைவுக்கு வரும். வெற்றாக்கம் என்று ஒரே சொல்லாக வைத்தால் காலி செய்தல் என்ற பொருளும் வந்துவிடும், சுருக்கமாகவும் இருக்கும் அல்லவா?

- கோவையிலிருந்து

----

ஐயா, நீங்க பெரியவங்க, உங்க பட்டியல் பாத்துத்தான் நானே பல சொல்லு கத்துக்கிட்டேன். ஆனா வெற்றாக்கம் இங்க இடிக்குது. வாக்கம் போடுறதுக்கு ஏற்கனவே வெற்றிடமாக்கல்னு இதே பட்டியல்ல வச்சிருக்கோம். வெற்றாக்கமும் வெற்றிடமாக்கலும் அடுத்தடுத்து நின்னா பையன் ரெண்டையும் ஒண்ணுன்னு எடுத்துக்கிருவான், அப்படி எடுத்தா கேஸ் உள்ள இருக்கும்போதே நேரா வாக்கம் பம்பை மாட்டுவான். புரோப்பேனை மொத்தமா பம்பு வழியா இழுத்து பட்டறைக்குள்ளயே தள்ளுனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு வேலைக்கும் ஒலியிலயே தூரம் இருக்கணும்.

அகரவரிசைக்கு இறக்கிக்கழிப்புன்னு சேத்து எழுதிருவோம், ஒத்தைச் சொல்லாயிரும். பதிவிறக்கம் பத்திச் சொன்னீங்க, அது செல்போன் பேச்சு, பட்டறையில சுமை இறக்குறது, கேஸ் இறக்குறதுதான் காதுல விழும், குழப்பம் வராதுன்னு நம்புறேன்.

மேலூர் தங்கச்சி தனி மடல்ல கேட்டுச்சு, ஆர் 32 ஏசிக்கும் இதே சொல்லான்னு. இதே சொல்லுதாம்மா. கலத்திறக்கல் கட்டாயம்னு மட்டும் பக்கத்துல ஒரு வரி சேரும். பிரிட்ஜுக்கும் ஒரு வரி வேணும்: உடம்புக்குள்ள இருக்குற ஃபோம் நிறைய மாடல்ல சைக்ளோபென்டேன்ங்கிற பொருளை வச்சு ஊதினது, அதுவும் தீப்பத்தும், கேஸ் இறக்கியாச்சுன்னு உடம்பை நொறுக்குற இடத்துல தீப்பொறி விடக்கூடாது. அது நம்ம பட்டறை வேலை இல்ல, மறுசுழற்சி ஆலைக்காரங்க வேலை. 2023 ஏப்ரல் 1ல இருந்து நடப்புல இருக்குற மின்கழிவு விதிகள்ல பிரிட்ஜும் ஏசியும் வருது, அதனால பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகணும்னு கையேட்டுல தெளிவாவே போட்டுருங்க.

கடைசியா லேபிள். சர்வதேசத் தரத்துலயே கேஸ் எடுத்துக் கழிச்ச மெஷின்ல லேபிள் ஒட்டணும், தேதியும் கையெழுத்தும் இருக்கணும்னு சொல்லுது. வெறும் சொற்பட்டியலோட விட்டா இது படிச்சவன் கையிலயே நின்னுரும், இரும்புக் கடைத் தம்பி கண்ணுல படணும்னா மெஷின் மேல தமிழ்ல இருக்கணும். நான் நினைக்கிற வாசகம்:

கேஸ் இறக்கிக் கழித்தது. இருந்த கேஸ்: ........ தேதி: ........ கையெழுத்து: ........

இது இல்லாம எந்தப் பிரிட்ஜ் வந்தாலும் உள்ள கேஸ் இருக்குன்னே எடுத்துக்கோங்கன்னு பின்பக்கத்துல ஒரு குறிப்பும் போடலாம். கோவை ஐயாவுக்கு சம்மதம்னா தொகுப்புக் குழு இதையே பட்டியலோட சேத்து அச்சுக்கு அனுப்பிருங்க, ஸ்டிக்கர் அளவுக்கு வடிவமைச்சு நான் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிர்றேன்.

- புதூர்