நியான் டெட்ராக்கள் ஒவ்வொன்றாக இறக்கின்றன: நோயை எப்படி இனங்காண்பது?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தொட்டியில் விட்ட 12 நியான் டெட்ராக்களில் 5 மீன்கள், கடந்த 3 வாரங்களில் ஒவ்வொன்றாக இறந்துவிட்டன. தொட்டி 2 அடி நீளம், சுமார் 55 லிட்டர். அமைத்து 4 மாதங்கள் ஆகின்றன. உடன் இருக்கும் கோரிடோராஸ் கெளுத்தி மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நோய் பிடித்த மீன் முதலில் கூட்டத்தை விட்டு விலகி, இரவிலும் ஓய்வில்லாமல் தனியே நீந்துகிறது. பிறகு முதுகுத் துடுப்புக்குக் கீழே தசை பால்போல் வெளுத்து, அந்த இடத்தில் மட்டும் நீலக்கோடு அறுந்ததுபோல் மறைந்துவிடுகிறது. நேற்று அப்படி ஒன்று செடியோரம் ஒதுங்கி நின்றதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

போர் தண்ணீரின் பிஎச் 8.2 என்று காட்டியதால், குளோரின் நீக்கிய தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து 7.4-க்குக் கொண்டுவந்தேன், 31 டிகிரி வெப்பத்தை மின்விசிறி வைத்து 28-க்கு இறக்கினேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம். கடைக்காரர் சொன்ன கல்லுப்பும் பலன் தரவில்லை.

ப்ளீஸ்டோபோரா ஒட்டுண்ணியால் வரும் நியான் டெட்ரா நோய்க்கு மருந்தில்லை என்பதையும், ஏறக்குறைய அதே தோற்றம் தரும் காலம்னாரிஸ் பாக்டீரியாத் தொற்றுக்கு மருந்து உண்டு என்பதையும் அறிவேன். தனித்தொட்டியில் வைத்திருக்கும் 2 மீன்களின் வெளி அடையாளங்களைக் கொண்டு, இது இவ்விரண்டில் எது என்று எப்படிப் பிரித்தறிவது?