தோற்ற தீர்ப்பு எப்படிச் சட்டமானது?

கேள்வி:
சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கிலாந்தின் கேண்ட்லர் வழக்கில் (1951) டென்னிங் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்திப் படிக்கச் சொல்கிறார்கள்? மற்ற இரண்டு நீதிபதிகளும் எதிர்ப்பக்கம்தானே?

பதில்:
தம்பி, அன்றைக்கு அவர் பக்கம் தோற்றது உண்மைதான். கணக்காளர்கள் கவனமில்லாமல் தயாரித்த கணக்கை நம்பி ஒருவர் 2,000 பவுண்டு போட்டு இழந்தார். இருவருக்கும் ஒப்பந்தம் கிடையாது. அதற்காக அவரைக் கைவிட முடியாது என்றார் டென்னிங். 12 ஆண்டு கழித்து, ஹெட்லி பர்ன் வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் வழிக்கே வந்தது. அந்தத் தீர்ப்பை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொருவர்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெட்லி பர்னில் வழக்குப் போட்ட விளம்பர நிறுவனத்துக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அது நம்பிய, ஒரு வாடிக்கையாளரின் நிதிநிலை பற்றிய கடிதத்திலேயே ‘எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று வங்கி எழுதியிருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் பொறுப்பு வரக்கூடும் என்று ரீட், டெவ்லின் போன்ற நீதிபதிகள் விளக்கியதைத்தான் பின்வந்த நீதிமன்றங்களும் பாடநூல்களும் பிடித்துக்கொண்டன. அந்தப் பத்திகளை நிதானமாகப் படியுங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா, இன்றே இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறேன்.