ஓபி-வான் ஒளிவாளின் அடிமுனை தண்ணீர்க் குழாயின் திருகா? கைப்பிடியின் மூலப்பொருள்கள் பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: பார்வதிபுரம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். 1977-ஆம் ஆண்டு வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் முதியவர் ஓபி-வான் கெனோபி ஏந்தும் ஒளிவாளின் (அலகுக்குப் பதில் ஒளிக்கற்றை நீளும் வாள்) கைப்பிடியைப் போல ஒன்று செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாகர்கோவிலில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் சில படங்களைக் கொடுத்து, அலுமினியத்தில் கடைந்து தர முடியுமா என்று சென்ற வாரம் கேட்டேன். அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் கைப்பிடியின் அடிமுனையில் விரலை வைத்து, “இது தண்ணீர்க் குழாயின் திருகு அல்லவா? ஈரக்கை வழுக்காமல் இருப்பதற்குத்தான் இந்தப் பள்ளங்களை வெட்டியிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டார்.

அதுவரை அந்தக் கைப்பிடி முழுவதையும் ஓர் ஓவியர் மேசையில் அமர்ந்து வரைந்திருப்பார் என்றே எண்ணியிருந்தேன். மாமா சொன்ன பிறகு பார்த்தால் மற்றப் பகுதிகளும் சந்தேகத்தைத் தருகின்றன. நடுப்பகுதியில் சுற்றிலும் ஆழமான வெட்டுகள் எதற்கு? மேலே கழுத்து அவ்வளவு மெலிந்து போவானேன்? வாளுக்குப் பிடி வரைகிற எவரும் முறிந்துவிடக்கூடிய இடத்தைக் கைக்கு அருகிலேயே வைக்க மாட்டார்களே. மாமா சொன்னது சரிதானா, மற்றவை எவற்றிலிருந்து வந்தவை, அவற்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: தக்கலையிலிருந்து

தம்பி, உங்கள் மாமாவின் கண்ணுக்கு என் வணக்கம். அது குழாய்த் திருகுதான். ஆர்மிடேஜ் ஷாங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ‘ஸ்டார்லைட்’ என்ற பெயரில் விற்ற குழாயின் கைத்திருகு அது.

நான் விமானப்படையில் எஞ்சின் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால், உங்களை உறுத்திய அந்த மெல்லிய கழுத்துதான் என்னையும் முதலில் இழுத்தது. அது ரோல்ஸ்ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் ஒரு பகுதி. குளோஸ்டர் மீட்டியர் போர் விமானங்களில் இருந்த எஞ்சின் அது. அந்தக் கால ஜெட் எஞ்சின்கள் பலவற்றில் எரிபொருள் எரிவது ஒரே அறையில் அன்று. தனித்தனி எரிகலன்கள் பல, தண்டைச் சுற்றி வட்டமாக நிற்கும். வாளின் தலைப்பகுதியாக நீங்கள் பார்ப்பதற்கு எஞ்சின்காரர்கள் வைத்த பெயர் ‘பேலன்ஸ் பைப்’. அழுத்தத்தைச் சமன்செய்வது அதன் வேலை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. காற்று போவதற்காகச் செய்த குழாய், கையின் பலத்தைத் தாங்குவதற்காகச் செய்ததன்று. ஆகவேதான் அது வாளில் அவ்வளவு பொருந்தாமல் மெலிந்து நிற்கிறது.

நடுப்பகுதி இன்னும் பழையது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் துப்பாக்கியிலிருந்து எய்த 3-ஆம் எண் கையெறிகுண்டின் உடல் அது. அடியில் நீண்ட கம்பியைப் பொருத்தித் துப்பாக்கிக் குழலுக்குள் செருகி, வெற்றுத் தோட்டாவின் விசையால் செலுத்துவார்கள். நீங்கள் கேட்ட ஆழமான வெட்டுகள், வெடிக்கும்போது உடல் சில்லுகளாகச் சிதறுவதற்காக அமைந்தவை. குழாய்த் திருகுக்கு மேலே உள்ள வளையப் பகுதி பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் ‘பூஸ்டர்’, அதாவது குழல்முனையில் பொருத்தும் உறுப்பு.

இவையெல்லாம் ஓரிடத்தில் எப்படிச் சேர்ந்தன என்றால், படப்பிடிப்பு 1976-இல் லண்டனுக்கு அருகிலுள்ள எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் நடந்தது. கையில் பணம் குறைவு. அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாயிருந்த ரோஜர் கிறிஸ்டியன் கழித்துக்கட்டிய விமானங்களின் பாகங்களை மலிவாக வாங்கிவந்து அரங்குகளை நிரப்பினார். நம் ஊர் ஆக்கர் கடையில் போய் ஒரு கப்பலைக் கட்டும் பொருள்களைத் தேடி எடுத்தது போன்ற வேலை. அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற குழுவில் அவரும் ஒருவர். மது விடுதிக் காட்சியில் பின்னால் நிற்கும் உயரமான உருளைகளைப் பாருங்கள்; அவையும் டெர்வென்ட் எஞ்சினின் எரிகலன்களே. 1980-இல் வந்த இரண்டாம் படத்தில் ஐ.ஜி-88 என்ற இயந்திர மனிதனின் தலையானதும் அதே எரிகலன்தான்.

மறுமொழி: குளச்சல் வாசகர்

அந்தப் படத்தின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் வாளும் வில்லன் டார்த் வேடரின் வாளும் ஒரே அமெரிக்கக் கேமரா ஃபிளாஷிலிருந்து செய்யப்பட்டவை என்று படித்திருக்கிறேன். ஓபி-வானின் வாள் மட்டும்தான் பலவற்றைச் சேர்த்துச் செய்தது.

மறுமொழி: மார்த்தாண்டம் ஸ்டுடியோ

குளச்சல் தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி திருத்த வேண்டியது. லூக்கின் வாள், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இருந்த கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் ஃபிளாஷ் கைப்பிடி. வேடரின் வாள் வேறு, அது எம்.பி.பி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ‘மைக்ரோஃபிளாஷ்’. இரண்டும் பளபளக்கும் உருளைகள் என்பதால் மயக்கம் வருவது இயல்பே.

அப்பா நடத்திய ஸ்டுடியோவை இப்போது நான் நடத்துகிறேன் என்பதால், இந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிக்குள் பெரிய டார்ச் பாட்டரிகள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கைக்கு ஏற்ற அந்த நீளமும் பருமனும் பாட்டரியால் வந்தவை. மேலே ஒருமுறை எரிந்தால் முடிந்துபோகும் பல்பும், அதன் பின்னே கிண்ணம் போன்ற பிரதிபலிப்பானும் இருக்கும். பக்கத்திலுள்ள சிவப்புப் பொத்தான் பல்பை எரியவைப்பதற்கு. நடுவிலுள்ள நெம்பு வைத்த பட்டை கேமராவோடு இறுக்குவதற்கு. கிறிஸ்டியன் இதை லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் கண்டெடுத்து, பிரதிபலிப்பானை நீக்கி, பிடிக்குக் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, இடைவாரில் தொங்கவிட அடியில் ஒரு வளையத்தைச் சேர்த்தார். இறுக்குப் பட்டையின் மேல் குமிழ் குமிழாகத் தெரியும் கண்ணாடித் துண்டு, அக்காலத்து ‘எக்ஸாக்ட்ரா’ கால்குலேட்டரில் சின்னச் சிவப்பு எண்களைப் பெரிதாக்கிக் காட்டிய வில்லை. ஓபி-வானின் வாளிலும் கிராஃப்ளெக்ஸின் அதே இறுக்குப் பட்டை உண்டு.

கண்டுபிடிக்கும் முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பட்டைதான் சாவி என்பது என் கருத்து. ஒரு பகுதி இன்னதென்று உறுதியாகிவிட்டால், அதன் உண்மையான அளவை ஸ்கேலாக வைத்து அதே படத்திலுள்ள மற்றப் பகுதிகளை அளந்துவிடலாம். அளவு கையில் வந்தபின், பழைய விற்பனைப் பட்டியல்களிலும் படைக்கல நூல்களிலும் அதே விட்டமுள்ள பொருளைத் தேட முடியும். வெறும் சாயலை மட்டும் நம்பினால் வேடரின் வாளில் நேர்ந்தது போன்ற பிழைகள்தாம் வரும்.

மறுமொழி: தக்கலையிலிருந்து

மார்த்தாண்டம் ஸ்டுடியோ அம்மா சொன்ன முறையோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: வேலையில்லாமல் நிற்கும் உறுப்பைத் தேட வேண்டும். 1982-இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தில் நாயகனின் கைத்துப்பாக்கிக்குச் சுடும் விசைகள் (டிரிகர்) இரண்டு. கைத்துப்பாக்கிக்கு அது தேவையே இல்லை. ஆனால் ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கிகளில், முதல் விசையை இழுத்தால் அடுத்தது மிக மெல்லிய தொடுதலில் இயங்கும்படி இரண்டு விசைகள் வைப்பது வழக்கம். அது ஸ்டெயர் மன்லிகர் வேட்டைத் துப்பாக்கியின் பகுதியையும், சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் ரிவால்வரையும் இணைத்துச் செய்தது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்ட அந்தப் பொருள் 2006-இல் அமெரிக்காவின் அனாஹெய்ம் நகரில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அருகில் நின்று படமெடுக்க முடிந்ததும் ஊகங்கள் பல அடங்கின. 2009-இல் அது 2,70,000 டாலருக்கு ஏலம் போனது.

கேட்டவர்: பார்வதிபுரம் வாசகர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை பட்டறைக்குப் போய் அனைத்தையும் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். குண்டின் உடல் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த வெட்டுகளின் ஓரங்களைக் கூராக விடாமல் மழுக்கிவிடலாமா என்று கேட்டார். மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்றேன்.

அக்கா சொன்னபடி இறுக்குப் பட்டையை ஸ்கேலாக வைத்து மற்ற விட்டங்களைக் கணக்கிட்டுத் தாளில் குறித்துக் கொடுத்திருக்கிறேன். கழுத்தை அலுமினியத்திலேயே கடைந்தால் முறிந்துவிடும் என்பதால், உள்ளே தலையிலிருந்து அடிவரை ஒரு மரையிட்ட எஃகுக் கம்பியை ஓட்டி, எல்லாப் பகுதிகளையும் அதில் கோத்து முடுக்குவதாக முடிவு செய்திருக்கிறோம். திருகை மட்டும் மாமா கடைய மறுத்துவிட்டார். வடசேரியில் பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் அதே போன்ற பித்தளைத் திருகு ஒன்று கிடைக்கும், தேடிக்கொண்டு வா என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.