எட்டு நாளில் காரிலேயே இலங்கையைச் சுற்றி வர முடியுமா?

வாசு, காவேரிப்பட்டணம்

வணக்கம். நாங்கள் ஐந்து பேர், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒன்றாகச் சுற்றுகிறவர்கள். டிசம்பர் கடைசியில் எட்டு நாள் இலங்கை போகலாம் என்று இருக்கிறோம். பெங்களூரில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, வாடகைக்குக் கார் எடுத்து நாங்களே ஓட்டுவதாகத் திட்டம். காலி, மிரிஸ்ஸா, அறுகம்பே, திருகோணமலை, யாழ்ப்பாணம், அப்புறம் கண்டி வழியாகக் கொழும்பு. வரைபடத்தில் சின்ன நாடாகத்தான் தெரிகிறது. முடியுமா? எங்களில் இரண்டு பேருக்குத்தான் நன்றாக ஓட்ட வரும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தில், பென்னாகரம்

தம்பி, முதலில் அந்தச் சுற்றைப் பாதியாக வெட்டுங்கள். டிசம்பரில் கிழக்குக் கரை முழுக்க மழை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவமழைதான், அங்கே தை வரைக்கும் இழுக்கும். அறுகம்பேக்கு அலைச்சறுக்குக்காக ஆட்கள் போவது மே முதல் அக்டோபர் வரை. நீங்கள் போகிற நேரத்தில் காலி, வெலிகம, மிரிஸ்ஸா பக்கம்தான் வெயில் அடிக்கும், கடலும் அடங்கியிருக்கும். மிரிஸ்ஸாவில் திமிங்கிலம் பார்க்கப் படகு போவதும் அந்த மாதங்களில்தான்.

சின்ன நாடு என்பது தூரத்துக்குச் சரி, நேரத்துக்குச் சரிவராது. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகிற வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள். அங்கே கொழும்பிலிருந்து தெற்கே போகிறது மாதிரியான அதிவேகப் பாதைகளில் மட்டும்தான் 100-இல் போகலாம். மற்ற ரோடுகள் பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று. நடுவில் ஆட்டோ, சைக்கிள், முந்திக்கொண்டு வருகிற பஸ். மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வையுங்கள், மலைப்பக்கம் 25.

போன வருஷம் பிப்ரவரியில் நாங்கள் நாலு பேர் போனோம். கண்டி, நுவரெலியா, எல்ல, கதிர்காமம் என்று மலையிலிருந்து இறங்கிக் கடற்கரைக்கு வந்தோம். உங்களுக்கும் அந்த வழியைத்தான் சொல்வேன். ஆனால் எல்லவிலிருந்து வெல்லவாய இறங்குகிற ரோட்டைப் பற்றி நான் சொல்வதை ஓட்டப்போகிற இரண்டு பேரும் படிக்க வேண்டும்.

ராயக்கோட்டையிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு வருஷமாகத் தொப்பூர் கணவாயில் இறங்குகிறவன் நான். அன்றைக்கு ஓட்டியது என் நண்பன். ஆட்டோமேட்டிக் வண்டி. ‘டி’யில் போட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே காலை வைத்து இறக்கினான். நான் பின்சீட்டில் தூங்கிவிட்டேன். ராவணா அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த வாடை என்னை எழுப்பியது. கருகிய ரப்பரும் சூடான இரும்பும் கலந்த வாடை. தொப்பூரில் லாரிகள் ஓரங்கட்டி நிற்கும்போது வருமே, அதேதான். “மிதிச்சா உள்ளே போகுதுடா” என்றான். கியரை ‘எல்’லுக்கு, அதாவது இறக்கத்தில் இஞ்சினே வேகத்தைப் பிடிக்கிற சின்ன கியருக்கு, தள்ளச் சொன்னேன். இஞ்சின் உறுமி, வண்டியைப் பிடித்து இழுத்தது. அடுத்த வளைவில் இருந்த இளநீர்க் கடை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினோம். முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. தண்ணீர் ஊற்றப் போனவனைத் தடுத்துவிட்டேன், கொதிக்கிற டிஸ்க்கில் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும். முக்கால் மணி நேரம் தானாக ஆறட்டும் என்று உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார், அங்கே தம்பிலி என்கிறார்கள். நல்ல ஆரஞ்சு நிறக் காய். எனக்குக் கை நடுக்கம் நிற்கவே இரண்டு காய் ஆனது.

இன்னொன்று, புத்தளையிலிருந்து கதிர்காமம் போகிற காட்டு ரோடு. யாலக் காட்டை ஒட்டிப் போகிறது. யானைகள் ரோட்டோரமாகவே நிற்கும். கதிர்காமம் போகிற வண்டிகளில் பழம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். எங்கள் வண்டியிடமும் ஒன்று வந்து கண்ணாடிப் பக்கம் தும்பிக்கையை நீட்டியது. அந்த நுனியின் ஈரம் கண்ணாடியில் கோடாக ஒட்டியிருந்தது. ஒகேனக்கல் ரோட்டில் யானையைப் பார்த்து வளர்ந்தவன் நான், அது இப்படிக் காரிடம் கையேந்தி நின்றதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள், கண்ணாடியை இறக்காதீர்கள். பகலிலேயே அந்த ரோட்டைக் கடந்துவிடுங்கள். கதிர்காமத்தில் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திஸ்ஸமகாராமையில் தங்கினால் மறுநாள் கடற்கரை.

மாலதி, ஓசூர்

செந்தில் அண்ணா சொன்ன வழி நல்ல வழி. ஐந்து பேர், ஐந்து பெட்டி என்றால் சின்னக் கார் போதாது, வேன் பாருங்கள். நாங்கள் ஓட்டுநரோடு எடுத்தோம், மலையகத் தமிழர். வழியெல்லாம் தோட்டக் கதை சொல்லிக்கொண்டே வந்தார், அந்தப் பேச்சுக்காகவே இன்னொரு முறை போகலாம். நீங்களே ஓட்டுவதானால் ஆர்டிஓ ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும், ஒரு வருஷம் செல்லும். இலங்கையில் அதற்கு மேல் தனி அனுமதியும் உண்டு, வண்டி கொடுப்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பௌர்ணமி அன்று போயா விடுமுறை, கோயில் ஊர்களில் கூட்டம் நெரியும்.

வாசு, காவேரிப்பட்டணம்

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. யாழ்ப்பாணமும் திருகோணமலையும் அடுத்த முறைக்கு. கண்டி, எல்ல, கதிர்காமம், மிரிஸ்ஸா, காலி என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு சந்தேகம், வண்டியில் ‘எல்’ இல்லாவிட்டால்?

செந்தில், பென்னாகரம்

சில வண்டியில் ‘எஸ்’ (S) அல்லது ‘பி’ (B, நிறுத்தும்போது போடுகிற P இல்லை) என்று இருக்கும், சிலதில் 2, 1 என்று எண் இருக்கும். சாவி வாங்கும்போதே இறக்கத்துக்கு எது என்று கேட்டு, அங்கேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். எதுவும் இல்லாத வண்டியாக இருந்தால் வேறு வண்டி கேளுங்கள் தம்பி. போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பேரையும் தொப்பூருக்குக் கூட்டி வாருங்கள், நான் பக்கத்தில் உட்காருகிறேன்.