மறுமொழி: ‘ஏற்ற வீதம்’ வேண்டாம், ‘ஏறுவாட்டம்’ என்று வைக்கலாமா?

விமானச் சொற்களுக்குத் தமிழ் தேடும் குழுவினருக்கு வணக்கம்.

எஞ்சின் ஒன்று நின்றபின் விமானம் எப்படி ஏறும் என்பதைக் குறிக்க ஈரோட்டு நண்பர் ‘ஏற்ற வீதம்’ என்று எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. வீதம் என்றாலே நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற நேரக் கணக்குதான் மனதில் வரும். இங்கே வேண்டியது தூரக் கணக்கு. ஓடுபாதைக்கு எதிரே ஒரு குன்று இருந்தால், அங்கே போய்ச் சேர்வதற்குள் அதைத் தாண்டும் உயரம் கிடைத்திருக்க வேண்டும். ‘சரிவு விகிதம்’ என்று இன்னொருவர் சொன்னார். சரிவு இறங்குவது அல்லவா?

போன மாதம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தட்டோடு பதித்தார்கள். மேஸ்திரி நூல் கட்டி, டியூப் லெவலில் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டுவிட்டு, “பத்தடிக்கு ஒன்றரை இஞ்ச் வாட்டம் குடுத்திருக்கறனுங்க, தண்ணி நிக்காதுங்க” என்றார். நாம் இரண்டு வாரமாகத் தேடிய சொல் அதுதான். இத்தனை தூரத்துக்கு இத்தனை உயரம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முன்னால் ‘ஏறு’ சேர்த்தால் திசையும் தெளிவாகிவிடும், முகவாட்டத்தோடு குழம்பவும் வழியில்லை.

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்று, சக்கரங்கள் உள்ளே போய், ஃபிளாப் (இறக்கையின் பின்பக்க மடிப்பு) மட்டும் இறங்கியிருக்கும் கட்டத்தில் விதி கேட்கும் ஏறுவாட்டம் குறைந்தது 2.4 சதவீதம். மூன்று எஞ்சினுக்கு 2.7, நான்குக்கு 3.0. மேஸ்திரி பாஷையில் 2.4 என்பது பத்தடிக்கு மூன்று இஞ்சுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோமீட்டர் பறந்தால் 24 மீட்டர் உயரம், அவ்வளவுதான்.

இரண்டில் ஒன்று நின்றால் ஏறும் திறன் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணக்குக்காக 75 டன் விமானம், காற்றின் இழுவை 7 டன், எஞ்சினுக்கு 9 டன் உந்துவிசை என்று வைப்போம். இரண்டும் ஓடினால் இழுவை போக மிச்சம் 11 டன். ஒன்று நின்றால் மிச்சம் 2 டன்தான். அந்த மிச்சத்தை எடையால் வகுத்தால் வருவதுதான் ஏறுவாட்டம்: 14.7 சதவீதம் 2.7 ஆகிவிடுகிறது. எடை கூடினால் இழுவையும் கூடும், வகுக்கும் எண்ணும் கூடும். இரண்டு பக்கமும் அடி.

கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் காற்று இன்னும் லேசாகி எஞ்சினின் விசை குறையும். ஓடுபாதை நீளம் தாராளமாக இருந்தாலும் இந்த ஏறுவாட்டத்துக்காகவே எடையைக் குறைக்க வேண்டிவரலாம். பயணிக்கு இதைத் தமிழில் விளக்க நமக்கு ஒரு நல்ல சொல் வேண்டாமா?

அப்புறம், ஓர் எஞ்சின் நின்றதைக் காட்டும் முன்னொட்டு. ‘ஒற்றைப்பொறி ஏற்றம்’ சரிவராது. நான்கு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றால் மிஞ்சுவது மூன்று. தவிர, எஞ்சின் பழுதைப் பற்றி எழுதும்போது ‘பொறி பறந்தது’ என்று வந்தால் தீப்பொறியா, எஞ்சினா? எஞ்சின் என்பதையே வைத்துக்கொள்வோம். ‘எஞ்சின் இழப்பு’ என்றால் கழன்று விழுந்த மாதிரி இருக்கிறது. பஸ்ஸிலும் மோட்டாரிலும் நாம் ‘நின்னு போச்சு’ என்றுதான் சொல்கிறோம். ஆகவே என் பரிந்துரை: ‘ஓரெஞ்சின் நின்ற ஏறுவாட்டம்’.

இன்னொன்று பாக்கி. இரட்டை எஞ்சினுக்குக் கிடைக்கும் ஏறுவாட்டத்தில் பாதுகாப்புக்காக 0.8 கழித்து (2.4 என்றால் 1.6 சதவீதம்), மிஞ்சுவதை வைத்துத்தான் வழியிலுள்ள தடைகளைத் தாண்டுமா என்று பார்க்கிறார்கள். கழித்து நிற்பதை ‘நிகர ஏறுவாட்டம்’ எனலாம். கழிக்காததற்கு ‘மொத்த’ என்பது எனக்குத் திருப்தியாக இல்லை. மஞ்சள் மண்டியில் கழிவு போடுவதற்கு முந்தைய எடைக்குத் தனிச் சொல் ஏதும் புழங்குகிறதா? ஈரோட்டு நண்பர் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.