காமராஜர் சாலை பைக் ரேஸ்: காவல்துறையின் கவனம் எங்கே இருக்க வேண்டும்?

திருவல்லிக்கேணிவாசி:
சனிக்கிழமை நள்ளிரவு தாண்டியதும் சைலன்சரை மாற்றிய வண்டிகள் காமராஜர் சாலையில் சீறிப் பாய்கின்றன. என் தாயார் திடுக்கிட்டு எழுந்து, விடியும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார். பகலில் தலைக்கவசம் அணியாதவரை மடக்கி அபராதம் விதிக்கும் காவலர்கள் இந்நேரத்தில் ஏன் கண்ணில் படுவதில்லை? சட்டம் போதவில்லையா?

உயர்நீதிமன்ற வழக்கறிஞர்:
ஐயா, சட்டத்தில் குறையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுபவருக்கு முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்கிறது. மறுமுறை பிடிபட்டால் சிறை ஓராண்டு வரை, அபராதம் 10,000 ரூபாய் வரை. ஓட்டியவர் சிறுவரெனில், 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஏற்க நேரிடும். வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு சாவியைக் கொடுக்கும் வீடுகளில் இதை எத்தனை பேர் அறிவர்?

ஓய்வுபெற்ற காவலர்:
துரத்திப் பிடிக்கச் சொல்லாதீர்கள், தம்பி. துரத்தினால் அவன் இன்னும் முறுக்குவான்; குறுக்கே வரும் பால்காரர்தான் அடிபடுவார். தடுப்புகளை மாற்றி மாற்றி வைப்பதும், கேமராவில் பதிவான எண்ணைக் கொண்டு காலையில் வீட்டுக்கே சென்று வண்டியைப் பறிமுதல் செய்வதுமே பலன் தரும்.

அடையாறு அக்கா:
தலைக்கவசச் சோதனையைச் சிறு விஷயமாகக் கருதுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. என் தம்பி இன்று உயிரோடிருப்பது அதனால்தான்.