எக்கோ அறிக்கையில் "வால்வு தடித்துள்ளது" என்று வந்தவர்கள் இருக்கிறீர்களா?

ராயபுரம் வாசகி:

அப்பாவுக்கு 71 வயது. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியே காலம் கழித்தவர். கண்புரை அறுவைக்கு முன்பு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவரச் சொன்னார்கள். "பெருந்தமனி வால்வின் இதழ்கள் தடித்துள்ளன, குறுக்கம் இல்லை" என்று அறிக்கை வந்தது. அதற்குள் எதிர்வீட்டு அத்தை "வால்வு போய்விட்டதாம்" என்று தெருவுக்கே சொல்லிவிட்டார். அப்பாவோ, "இன்ஜின் வால்வில் கரி படிகிற மாதிரிதானே, சுரண்டினால் போயிற்று" என்கிறார். இரண்டில் எது சரி? உங்கள் வீட்டிலும் இந்த வரி வந்திருந்தால் எழுதுங்கள்.

எக்கோ அறைக்காரன், பழைய வண்ணாரப்பேட்டை:

இரண்டுமே சரியில்லை அம்மா. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தத் தடிப்பு இருக்கும். இந்த வரியைத் தட்டச்சு செய்யாமல் எனக்கு ஒரு வாரம் போவதில்லை.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாசலில் மூன்று இதழ்கள் இருக்கின்றன. நல்ல நிலையில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படி அடிபடும்போது, பெருந்தமனியைப் பார்த்த பக்கத்தின் மெல்லிய உறை சேதமடைகிறது. அந்த வழியாகக் கெட்ட கொழுப்பு உள்ளே புகுகிறது. அதைத் தின்ன வெள்ளையணுக்கள் வந்து கூடுகின்றன, அழற்சி உண்டாகிறது. இதழுக்குள் இருக்கும் செல்கள் நார்த்திசுவைப் பெருக்குகின்றன. அவற்றில் சில, எலும்பை உருவாக்கும் செல்களின் குணத்தையே அடைந்து சுண்ணாம்பை, அதாவது கால்சியத்தை, சேர்க்கத் தொடங்கிவிடுகின்றன. அறுத்தெடுத்த சில வால்வுகளில் மஜ்ஜையோடு கூடிய எலும்பையே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள்: இது மேலே படியும் கரி அல்ல, இதழுக்குள்ளேயே வளர்வது. சுரண்டியும் பார்த்துவிட்டார்கள். 1980களின் பிற்பகுதியில் மீயொலிக் கருவியால் சுண்ணாம்பை உதிர்த்தார்கள். இதழ்கள் சுருங்கி ரத்தம் பின்னோக்கி ஒழுகியதால் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

அறிக்கையில் வால்வு வழியே பாயும் ரத்தத்தின் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். வெறும் தடிப்பு என்றால் நொடிக்கு 2.5 மீட்டருக்குள் நிற்கும். 4 மீட்டரைத் தொட்டால் தீவிரக் குறுக்கம். மூன்று, நான்கு சதுர சென்டிமீட்டர் இருந்த வாசல் அப்போது ஒன்றுக்கும் கீழே சுருங்கியிருக்கும். தடித்த வால்வெல்லாம் குறுகிவிடுவதில்லை, குறுகினாலும் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். என் கவலை வேறு. வால்வில் நடப்பது இதயத்தின் ரத்தக் குழாய்களிலும் நடந்துகொண்டிருக்கலாம். அதனால் பீடி, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் இப்போதே விசாரியுங்கள்.

கொருக்குப்பேட்டை:

கொழுப்பு மாத்திரை போட்டால் தடிப்பு கரையும் என்று என் தம்பி சொல்கிறான். சுண்ணாம்பு சேருமென்று பாலையும் நிறுத்திவிட்டான்.

எக்கோ அறைக்காரன்:

கரையாது. ஸ்டாட்டின் என்னும் அந்தக் கொழுப்பு மாத்திரைகளைப் பெரிய ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள், வால்வு குறுகுவதை அவை தடுக்கவில்லை. மாரடைப்பைத் தவிர்க்க மருத்துவர் எழுதியிருந்தால் அது வேறு கணக்கு, நிறுத்த வேண்டாம். பால் பாவம், அதையும் நிறுத்த வேண்டாம்.

வியாசர்பாடி பழைய கோல்கீப்பர்:

வயதானால்தான் வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு 44 வயதில் வந்தது. பையன்களோடு மைதானத்தில் ஓடும்போது நெஞ்சை அழுத்தியது. வாயுத் தொல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஸ்டெதஸ்கோப் வைத்த இளம் மருத்துவர் ஒருவர்தான் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்றார். பிறவியிலேயே எனக்கு மூன்றுக்குப் பதில் இரண்டே இதழ்கள். நூறு பேரில் ஒருவர் இருவர் இப்படிப் பிறக்கிறார்களாம். சுமை இரண்டின் மேலேயே விழுவதால் சீக்கிரமே தடித்துச் சுண்ணாம்பாகிவிடுகிறது. உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் வார்ஃபரின் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால், அதை ஒருநாள் கட்டுக்கட்டாகத் தின்று மறுவாரம் தொடாமல் இருக்கக் கூடாது, ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்று என் அண்ணனுக்கும் தங்கைக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். அண்ணன் இன்னும் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தண்டையார்பேட்டை:

என் கணவர் டயாலிசிஸில் இருக்கிறார். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் சுண்ணாம்பு வேகமாகச் சேருமாம். முன்பு வெறும் தடிப்பு, இப்போது மிதமான குறுக்கம். அதனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறோம்.

எண்ணூர் மருமகள்:

என் மாமியாருக்கு 78 வயது. குடத்தோடு மாடி ஏறுகிறவர், நடுப்படியில் உட்கார ஆரம்பித்தார். வயதாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, மயக்கம் மூன்றில் ஒன்று வந்துவிட்டாலே இனிக் காலம் கடத்தக் கூடாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்றதும் பக்கத்து வீட்டார் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் தன் மாத்திரையைக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் மாமியார் அப்படியே சரிந்துவிட்டார். வாசல் குறுகியிருக்கும்போது அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கிவிடக்கூடும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எக்கோவில் வேகம் 4.3 மீட்டர். மார்பைத் திறக்காமல் தொடை ரத்தக் குழாய் வழியாகவே புது வால்வு வைத்தார்கள். இப்போது படியேறிப் போய்த் துணி காயப்போடுகிறார். குடத்தை மட்டும் நாங்கள் கொடுப்பதில்லை, அதற்குத் தினமும் சண்டை.